எண்ணைத் துரத்தாதீர்கள், மூக்கைப் பிடியுங்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏர்பஸ் 320 ஓட்டுகிறேன். அக்டோபர் இரவுகளில் வங்கக்கடல் எப்படி உலுக்கும் என்று அந்தத் தடத்தில் போனவர்களுக்குத் தெரியும். காற்று உலுக்கும்போது உயரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று, துணை விமானியாக வலது சீட்டுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் 35,000 அடியில் கிழக்கே போகிறீர்கள். எதிரே வருகிறவர் 34,000-இலோ 36,000-இலோ இருப்பார். நடுவில் ஆயிரம் அடிதான். 29,000 அடிக்கு மேலே முன்பு 2,000 அடி இடைவெளி இருந்தது. நம் பக்கம் 2003-இல் அதைப் பாதியாக்கினார்கள். அதனால்தான் 200 அடி விலகினாலே விஷயம் பெரிதாகிறது.

உயரத்தைக் காப்பாற்றும் வேலை ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எரிபொருள் மிச்சமாகிறதே என்று, கணினி காட்டும் உச்ச உயரத்தை ஒட்டிப் போய் உட்காராதீர்கள். அங்கே வேகம் குறைந்தாலும் இறக்கை நடுங்கும், கூடினாலும் நடுங்கும். 2,000 அடி கீழே இருங்கள்; கொஞ்சம் எரிபொருள் போனால் போகட்டும். ரேடாரைக் கீழே சாய்த்துப் பாருங்கள். மேகத்தின் உச்சி வெறும் பனிக்கட்டி, திரையில் மங்கலாகத்தான் தெரியும். வயிற்றில் இருக்கும் மழைதான் சிவக்கும். சிவப்பைக் கண்டால் காற்று வரும் பக்கமாக 20 மைலாவது ஒதுங்குங்கள்.

சரி, ஒதுங்கியும் மாட்டிக்கொண்டீர்கள். பெல்ட் விளக்கைப் போடுங்கள். பணிப்பெண்களையும் ட்ராலியை நிறுத்திவிட்டு உட்காரச் சொல்லுங்கள். ஆட்டம் கடுமையானால் வேகத்தை மாக் 0.76-க்கு, அதாவது ஒலி வேகத்தில் 76 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ரஸ்ட், இன்ஜினை ஏற்றியும் இறக்கியும் அலைக்கழித்தால் அதை எடுத்துவிட்டு, கையேட்டு அட்டவணையில் உள்ள அளவை வைத்து விட்டுவிடுங்கள். ஆட்டோபைலட் இருக்கட்டும். வால் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடலைத் தொடவே வேண்டாம்.

நான் தொட்டிருக்கிறேன், பெடலை இல்லை, மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை. துணை விமானியாக இருந்த காலம். அந்தமான் தாண்டி 37,000 அடியில் உயரம் 150 அடி மேலே ஓடியது. பதறிப்போய் ஆட்டோபைலட்டைக் கழற்றி மூக்கை அழுத்தினேன். தூக்கிய காற்று அந்த நொடியே தீர்ந்துபோனது. மூக்கு கீழே, காற்றும் கீழே. 400 அடி இறங்கிவிட்டோம்; எச்சரிக்கை மணி அடித்தது. கேப்டன் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று வாங்கிக்கொண்டார். மூக்கை இரண்டரை டிகிரி மேலே வைத்தார், அப்புறம் கையை அசைக்கவே இல்லை. அடங்கியதும், "காத்து தூக்குனா அதுவே இறக்கிடும் தம்பி. நடுவுல நீ எதுக்கு?" என்றார்.

மொத்தச் சூட்சுமமும் அதுதான். கையால் ஓட்ட வேண்டி வந்தால் இறக்கைகளைச் சமமாக வையுங்கள், மூக்கின் கோணத்தைப் பிடியுங்கள். உயர எண் ஏறி இறங்கட்டும். அதைத் துரத்தினால் காற்றின் ஆட்டத்தோடு உங்கள் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும்.

2024 மே 21 அன்று மியான்மர் மேலே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321-க்கு நடந்ததைப் பாருங்கள். ஆறாயிரம் அடி விழுந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. சிங்கப்பூர் விசாரணையாளர்களின் முதற்கட்ட அறிக்கை வேறு கணக்குச் சொல்கிறது. மேலெழும் காற்று 37,362 அடி வரை தூக்கியது, பின் 4.6 நொடியில் 178 அடி இறக்கம், அவ்வளவே. அந்த 178 அடிக்குள்தான் பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். விமானிகள் 21 நொடி கையால் ஓட்டிவிட்டு ஆட்டோபைலட்டை மறுபடி போட்டார்கள். ஆறாயிரம் அடி என்பது பிறகு அவர்களே நிதானமாக 31,000-க்கு இறங்கியது.

உயரம் நிற்காது என்று தோன்றினால் கௌரவம் பார்க்காமல் "அனேபிள் ஆர்விஎஸ்எம் டியூ டர்புலன்ஸ்" என்று கண்ட்ரோலருக்குச் சொல்லுங்கள். ஆர்விஎஸ்எம் என்பது முன்னே சொன்ன ஆயிரம் அடி இடைவெளி முறை; ஆட்டத்தால் அதைக் காக்க முடியவில்லை என்று பொருள். மற்ற விமானங்களோடு 2,000 அடி இடைவெளி வைக்க வேண்டியது அவர் பாடு.

உயரத்தை நீங்களே விடவேண்டிய நேரமும் ஒன்று உண்டு. ரேடார் எட்டாத நடுக்கடலில் மேகத்துக்காக விலக வேண்டும், அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. முதலில் அவசர அலைவரிசையில் அக்கம்பக்கத்து விமானங்களுக்குச் சொல்லுங்கள், வெளிவிளக்கு எல்லாவற்றையும் போடுங்கள். தடத்திலிருந்து 5 கடல் மைல் வந்ததும், கிழக்கே போகிறவர் இடப்பக்கம் விலகியிருந்தால் 300 அடி இறங்க வேண்டும், வலப்பக்கம் என்றால் 300 அடி ஏற வேண்டும். மேற்கே போகிறவருக்கு இது அப்படியே தலைகீழ். வடக்கே இறங்கு, தெற்கே ஏறு என்று மனதில் வைத்தால் இரண்டு திசைக்கும் பொருந்தும். நான் இதைத் தொடைப்பலகையில் பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். மூன்று மணித் தூக்கத்தில் இடம் வலம் குழம்பும்.

அடங்கியதும் பின்னால் போன் போட்டு யாருக்காவது அடிபட்டதா என்று கேளுங்கள். ஆட்டம் கடுமையாக இருந்திருந்தால் தரையிறங்கியதும் டெக் லாக்கில், அதாவது விமானத்தின் பழுதுப் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதினால்தான் இன்ஜினியர் இறக்கையைத் திறந்து பார்ப்பார். அடுத்த விமானம் தாமதமாகும், மேலே இருந்து போன் வரும். எழுதிவிட்டே இறங்குங்கள்.