முழுக்கோழி ரோஸ்ட், உருளை மசியல், கிரேவி, கேரமல் புட்டிங்: எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது?

இந்தச் சாப்பாட்டில் தனியாக எடுத்துப் பார்த்தால் கஷ்டமான பண்டம் எதுவும் இல்லை. கோழி வேகுமுன் உருளை ஆறிப்போகிறது, கிரேவி முடிவதற்குள் கோழி ஆறிப்போகிறது; புதிதாகச் சமைப்பவர்கள் திணறுவது இங்கேதான். அதனால் இனிப்பை முதல் நாளே முடித்துவிடுங்கள். மற்றதைக் கடிகாரம் பார்த்துச் செய்யலாம். அளவுகள் நான்கு பேருக்கு. சாப்பிடும் நேரம் இரவு 8 மணி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள்: புட்டிங்

100 கிராம் சர்க்கரையை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரோடு அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வையுங்கள். கொதி வந்தபின் கரண்டி போடாதீர்கள். கிளறினால் சர்க்கரை மறுபடி பூத்துக் கட்டிக்கொள்ளும். பாத்திரத்தை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். வெளிர்மஞ்சள் தேன் நிறமாகும், பிறகு சட்டென்று செம்பழுப்பாகும். அந்த நிறத்திலேயே இறக்கி, ஒரு லிட்டர் பிடிக்கும் அச்சில் உடனே ஊற்றுங்கள். இறக்கிய பிறகும் பாத்திரத்தின் சூட்டில் நிறம் ஏறும். கருகல் புகை வந்துவிட்டால் கசக்கும். கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவதுதான் வழி.

4 முட்டை, 80 கிராம் சர்க்கரை, 1 டீஸ்பூன் வெனிலா எசன்ஸ் மூன்றையும் நுரை வராமல் கலக்குங்கள். 500 மில்லி பாலைக் கை பொறுக்கும் சூட்டில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலந்து, வடிகட்டி அச்சில் விடுங்கள். அச்சை ஆழமான தட்டில் வைத்து, அச்சின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, 160 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் ஜெல்லி போல ஆடினால் எடுத்துவிடலாம். "இன்னும் ஆடுகிறதே" என்று மேலும் வைத்தால் முட்டை இறுகி நீர் விடும். வெட்டும்போது உள்ளே தேனடை மாதிரி ஓட்டைகள் தெரியும். ஆறியதும் மூடி, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வையுங்கள்.

அன்று இரவே கோழி

தோலோடு இருக்கும் 1.5 கிலோ கோழி வேண்டும். உறைந்த கோழி என்றால் ஃபிரிட்ஜிலேயே முழுதாக உறைவு நீங்கியிருக்க வேண்டும். கழுவ வேண்டாம், தெறிக்கும் நீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும். டிஷ்யூவால் ஈரம் ஒற்றி, 15 கிராம் உப்பும் 1 டீஸ்பூன் மிளகுத்தூளும் வயிற்றின் உள்ளும் வெளியும் தடவி, ஆழமான தட்டில் மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். இரவு முழுவதும் தோல் காய்ந்தால்தான் மறுநாள் மொறுமொறுப்பாக வரும். ஈரத்தோல் வறுபடாது, வேகத்தான் செய்யும்.

மறுநாள் மாலை

6:00: ஓவனை 220 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். கோழிமேல் 50 கிராம் வெண்ணெய் தடவி, வயிற்றுக்குள் பாதி எலுமிச்சையும் 4 பல் பூண்டும் வையுங்கள். ரோஸ்ட் தட்டில் தடிமனாக வெட்டிய 2 பெரிய வெங்காயம், 3 கேரட் பரப்பி, அதன்மேல் கோழியை மார்பு மேலே இருக்கும்படி வையுங்கள்.

6:20: ஓவனுக்குள். 20 நிமிடம் கழித்து 190 டிகிரிக்குக் குறையுங்கள். தட்டு வறண்டால் அரை கப் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் கருகிய சாறு கிரேவியையே கெடுத்துவிடும்.

7:00: 1 கிலோ உருளையைத் தோல் சீவி, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் அடுப்பேற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்து உள்ளே விறைப்பாக நிற்கும்.

7:30: தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். 74 டிகிரி வேண்டும். இல்லையென்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வெந்ததும் கோழியையும் காய்களையும் வேறு தட்டுக்கு மாற்றி, 20 நிமிடம் வெட்டாமல் விடுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

மீதி எல்லாம் இந்த 20 நிமிடத்தில்தான். உருளை வெந்த தண்ணீரில் 400 மில்லி எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை வடியுங்கள். உருளையைக் காலிப் பாத்திரத்திலேயே 2 நிமிடம் ஈரம் போகவிட்டு, கையால் மசித்து, முதலில் 75 கிராம் வெண்ணெய், பிறகு 150 மில்லி சூடான பால் சேருங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம். மாவுச்சத்து உடைந்து பசையாக இழுக்கும்.

ரோஸ்ட் தட்டின் சாற்றைக் கிண்ணத்தில் வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்துச் சிறு வாணலியில் விடுங்கள். 2 டேபிள்ஸ்பூன் மைதாவை அதில் பச்சை வாசனை போக 2 நிமிடம் வறுங்கள். உருளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வழவழப்பான பின்னரே அடுத்ததை ஊற்ற வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கொழுப்பு நீக்கிய சாற்றையும் சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்ணீரில் ஏற்கெனவே உப்பு உண்டு. ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.

7:55: முதலில் கால்களை மூட்டில் வெட்டிப் பிரியுங்கள். பிறகு மார்பை எலும்பிலிருந்து முழுதாக எடுத்து, குறுக்கே துண்டு போடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் புட்டிங்கின் ஓரத்தைக் கத்தியால் ஒரு சுற்றுச் சுற்றி, அச்சை 10 விநாடி வெந்நீரில் நிறுத்தி, விளிம்புள்ள தட்டில் கவிழ்த்துங்கள். தட்டையான தட்டு வேண்டாம், கேரமல் மேசையில் வழிந்துவிடும்.