மலாவியின் மக்காச்சோள வயல்: விதையும் உரமும் வீணாகும் இடங்கள்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவி மக்களின் அன்றாட உணவு, மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ந்சிமா. 2005-இல் மழை பொய்த்து விளைச்சல் சரிந்ததை அடுத்து, அந்நாட்டு அரசு சிறு உழவர்களுக்கு 50 கிலோ உர மூட்டைகளையும் மேம்பட்ட விதையையும் மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. பலர் வைத்திருப்பது ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலம் என்பதால், சிறு பிழையும் அவர்கள் குடும்பத்தைப் பசியில் தள்ளிவிடும்.

இரு வேறு பெற்றோர் வரிசைகளைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகத்தின் அறுவடையிலிருந்தே மறு ஆண்டுக்கு விதை எடுப்பது முதல் தவறு. அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து, செடிகள் ஒன்றுபோல் வளராமல் விளைச்சல் குறையும். ஆண்டுதோறும் விதை வாங்க இயலாதவர்கள், இயல்பாக மகரந்தம் சேர்ந்து பண்பு பெரிதும் மாறாமல் வரும் திறந்த மகரந்தச் சேர்க்கை ரகங்களைப் பயிரிட்டு, வயலின் நடுப்பகுதியில் தேறிய கதிர்களைச் சில பருவங்களுக்கு விதையாக வைத்துக்கொள்ளலாம்.

விளைச்சலை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பதை நான் அதைவிடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். தொடக்ககால வீரிய ரகங்களின் மாவுத்தன்மையான மணிகள் உரலில் குத்தும்போது நொறுங்கின, சேமிப்பில் வண்டுக்கு எளிதில் இரையாயின. எனவே, உரலும் குதிரும் தம் பொறுப்பில் இருந்த பெண்கள் கடினமணியுள்ள உள்ளூர் ரகங்களையே விரும்பினர். அந்த விருப்பத்தை மதித்து உருவாக்கப்பட்ட எம்எச்17, எம்எச்18 ரகங்கள் 1990-இல் வெளிவந்த பின்னரே வீரிய விதை பரவலாக ஏற்கப்பட்டது.

நவம்பர் வாக்கில் தொடங்கும் ஒரே மழைப்பருவத்தை நம்பிய பயிர் இது. முதல் நல்ல மழையிலேயே விதைத்து, அடியுரத்தை அப்போதே இட வேண்டும். மானிய மூட்டை வரட்டும் என்று விதைப்பையே தள்ளிப்போடுவது மழை நாட்களை இழப்பதாகும். மூன்று, நான்கு வாரங்களில் இடும் யூரியாவை மண்ணின் மேல் தூவாமல் செடிக்குச் சற்றுத் தள்ளிக் குழியிட்டு மூட வேண்டும். இல்லையெனில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிப் போகும். களை எடுக்காத வயலில் இடும் உரமோ களையைத்தான் வளர்க்கும்.

அறுவடை முடிந்ததும் தட்டைகளை எரித்துவிட்டு, ஆண்டுதோறும் மக்காச்சோளத்தையே பயிரிட்டால் மண்ணின் அங்ககச் சத்து கரைந்து, உரம் இட்டும் பயிர் தேறாத நிலை வரும். பயிரின் வேரை உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களையான சுடுமல்லியும் இத்தகைய மெலிந்த மண்ணில்தான் பெருகும். தென் மலாவி உழவர்கள் மக்காச்சோளத்துடன் துவரையைக் கலந்து விதைக்கிறார்கள். துவரை மெதுவாக வளர்ந்து மக்காச்சோள அறுவடைக்குப் பிறகே காய்ப்பதால் இரண்டுக்கும் போட்டி குறைவு. உதிரும் இலைகள் மண்ணுக்குத் தழைச்சத்தாகின்றன, வறண்ட மாதங்களில் வீட்டுக்குப் பருப்பும் கிடைக்கிறது.