சேர்வராயன் மலையை அடிவாரத்திலிருந்தே பார்த்து ஏறும் முறை

சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டுக்குச் செல்வோரில் பலர் ஏரியில் படகு சவாரி செய்துவிட்டு மாலையிலேயே சேலம் திரும்பிவிடுகிறார்கள். மலையை உண்மையில் அறிய விரும்புவோர் ஏரியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, விடியற்காலையில் அடிவாரத்திலிருந்தே பார்வையைத் தொடங்க வேண்டும். சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலுள்ள சேர்வராயன் கோயில் வரை கல்லும் மண்ணும் மரமும் படிப்படியாக மாறிக்கொண்டே செல்வதுதான் இம்மலையின் சிறப்பு.

முதலில், ஊருக்கும் மலைக்கும் இடையே வெளுத்துக் கிடக்கும் வெள்ளைக்கல் குன்றுகளைப் பாருங்கள். ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்று அழைத்தாலும், அங்கே இருப்பது சுண்ணாம்பு அன்று. கரும்பாறையின் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் மேக்னசைட் என்னும் வெண்ணிறக் கனிமம். சுரங்கத்துக்குள் இறங்காமல் சாலையிலிருந்து பார்த்தாலே போதும்.

அடுத்து வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தாதீர்கள். இடையில் அகலமான ஓரம் கிடைக்கும் இடத்தில் இறங்கி, மலையை வெட்டிய பக்கத்தைக் கவனியுங்கள். அந்தக் கருநிறக் கல் சார்னோக்கைட். கொல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து இந்தப் பெயர் பிறந்தது. அதே பாறைதான் நெடுங்கால மழையில் கரைந்து, மலையுச்சியில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது கலந்த செம்மண்ணாகப் படிந்திருக்கிறது. வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுப்பதால்தான் அவை காட்டைவிட்டுச் சாலையோரமே குடியிருக்கின்றன.

மேலே ஏறியதும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, அவற்றின் நிழலில் காபி வளரும் தோட்டங்கள் வரும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். கோடை மழை பெய்த சில நாட்களில் சென்றால் தோட்டமே வெண்மையாகப் பூத்திருப்பதைக் காணலாம்.

1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் வாழ்ந்ததும் ஏற்காட்டில்தான்.

மரங்கள் குறைந்து புல்வெளி விரியும் உச்சியில், சேர்வராயனும் காவேரி அம்மனும் குடிகொண்ட குகைக்கோயில் இருக்கிறது. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தெய்வம் என்பதால், காலணியை வெளியே விட்டு, குனிந்து, அமைதியாக உள்ளே செல்லுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது; அந்தி நேரத்தில் தோட்ட ஓரங்களில் காட்டெருமைகள் மேய வரும். எதிர்ப்பட்டால் ஒலிப்பான் அடிக்காமல், வண்டியைவிட்டு இறங்காமல், அவை கடந்து செல்லும்வரை காத்திருங்கள்.