பழைய கேபினெட், சத்தமில்லாத ஃபேன்: எங்கே தவறுகிறோம்?

பழைய ஏடிஎக்ஸ் கேபினெட்டைத் தூக்கிப் போட மனம் வராமல் அதற்குள்ளேயே புது மதர்போர்டையும் பிராசஸரையும் பூட்டுகிறவர்கள் நிறையப் பேர். பூட்டலாம், தப்பில்லை. 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் என்ற அளவுத்தரத்தின் திருகு இடங்கள் இன்றைய மதர்போர்டுக்கும் பொருந்தும். ஆன் செய்த பிறகுதான் தொல்லை. பக்கத்தில் யாரோ மிக்சி ஓட்டுவது போல் இரைச்சல். உடனே கடைக்குப் போய் அட்டையில் ‘சைலன்ட்’ என்று போட்ட ஃபேன் இரண்டு வாங்கி வருகிறார்கள். முதல் தவறு அதுதான்.

2000-களின் தொடக்கத்தில் வந்த கேபினெட் ஒன்றின் முன்முகப்பைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் அடியில் விரல் நுழையாத ஒரு கீற்று. அதன் பின்னால் சின்னச் சின்னத் துளை போட்ட தகடு. அதற்கும் பின்னால் ஹார்ட் டிஸ்க் கூண்டு. காற்று இந்த மூன்றையும் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே வராத காற்றை எந்த ஃபேனாலும் வெளியே தள்ள முடியாது; வீணாகச் சுற்றிச் சத்தம் போடும், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதையே மறுபடி ஓடவிடுங்கள். பத்து டிகிரி இறங்கினால் குறை காற்று வழியில். ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால் பிராசஸரின் மேல் இருக்கும் ஹீட்சிங்கையும் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு), இரண்டுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட்டையும் கவனியுங்கள்.

வழி அடைபட்டிருந்தால், பழைய கேபினெட்டிலேயே அதற்கு மருந்து இருக்கிறது: யாரும் தொடாத சிடி டிரைவ் அறைகள். அடுத்தடுத்த மூன்று அறைகளின் மொத்த உயரம் சுமார் 124 மி.மீ. மூடிகளைக் கழற்றிவிட்டு வலை வைத்தால் 120 மி.மீ. ஃபேன் ஒன்று கச்சிதமாக உட்காரும். பின்பக்கத் தகட்டில் துளைகளாகக் குத்தியிருக்கும் கிரில்லும் இரைச்சலுக்கு ஒரு காரணம். அதை வெட்டியெடுத்துவிட்டு வட்டக் கம்பி கிரில் போடலாம். வெட்டும்போது மதர்போர்டு உள்ளே இருக்கவே கூடாது. ஓர் இரும்புத் தூள் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

‘ஃபேன் கூடினால் சத்தமும் கூடும்’ என்பது பாதி உண்மை. அதே வேகத்தில் இன்னொரு ஃபேன் சேர்த்தால் ஏறுவது சுமார் 3 டெசிபல். வேகத்தைப் பாதியாக்கினால் இறங்குவதோ சுமார் 15 டெசிபல். எனவே மெதுவாகச் சுற்றும் இரண்டு, வேகமாகச் சுற்றும் ஒன்றைவிட அமைதியானவை. பழைய பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் 80 மி.மீ. துளை. அந்தச் சின்ன ஃபேன் பெரியதற்கு ஈடான காற்றைத் தள்ள வேண்டுமானால் பல மடங்கு வேகத்தில் சுற்றியாக வேண்டும். இடமிருந்தால் பெரிதாக்குங்கள். ஆனால் திருகு இடைவெளியை அளக்காமல் வாங்காதீர்கள்: 80-க்கு 71.5 மி.மீ., 92-க்கு 82.5, 120-க்கு 105.

மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்தே பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. இணைப்பானில் மூன்று முனை உள்ள ஃபேனின் வேகம் மின்னழுத்தத்தால் மாறும். நான்கு முனை ஃபேனுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்த பிடபிள்யூஎம் என்ற தனி சிக்னல் போகிறது. மூன்று முனை ஃபேனைச் செருகிவிட்டு அமைப்பை பிடபிள்யூஎம்-இல் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றும். டிசி (மின்னழுத்த முறை) என்று மாற்றினால் சரி. பலர் குறை சொல்லும் ‘மட்டமான ஃபேன்’ பல நேரம் இப்படி அமைப்பு மாறிய ஃபேன்தான்.

எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்று பயாஸில் குறிக்கும் வேக வரைவிலும் ஒரு சங்கதி உண்டு. பிரௌசரைத் திறந்த நொடியில் பிராசஸர் பத்து, பதினைந்து டிகிரி எகிறி உடனே இறங்கும். ஃபேனும் கூடவே எகிறினால் எரிச்சல்தான். காதை உறுத்துவது சத்தத்தைவிட அதன் ஏற்ற இறக்கம். 60 டிகிரிவரை ஒரே வேகம் வைத்து, அதற்கு மேல் சில நொடி தாமதித்து ஏறும்படி அமையுங்கள். எப்போதும் 40 டிகிரியில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். இன்றைய டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 90 முதல் 100 டிகிரி வரை. முழு வேலையில் 75 என்பது நல்ல நிலைதான். சென்னையில் மே மாதம் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது, ஏசி அறையில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை.

எல்லாச் சத்தமும் ஃபேனுடையது என்று நினைத்துவிடவும் கூடாது. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. கூண்டோடு இறுகத் திருகியிருந்தால் அந்த அதிர்வில் தகடு முழுக்க ‘ம்ம்’ என்று முனகும். ரப்பர் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள்.

மிஞ்சுவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ். அதன் ஃபேனை மாற்றுகிறேன் என்று அதைப் பிரிப்பது ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். புதிது வாங்கிவிடுங்கள். 120 மி.மீ. ஃபேன் உள்ள புது எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டின் மேல்பகுதியில் பொருத்தும்போது ஃபேன் கீழ்நோக்கியே இருக்கட்டும். திருப்பி வைத்தால் மேல் தகட்டில் முட்டிக்கொண்டு காற்றில்லாமல் திணறி, அதுவே அலற ஆரம்பிக்கும்.