வறண்ட கோடையில் அலாட்மென்ட் தோட்டம்: தண்ணீர் வீணாகும் இடங்கள்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் அலாட்மென்ட் (காய்கறி பயிரிட வாடகைக்குக் கிடைக்கும் சிறு நிலத்துண்டு) எடுத்துக் காய்கறி போடும் நம்மவர்கள் பலருக்கு, இங்கிலாந்தில் மழைக்கு என்ன குறை என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. லண்டனில் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெய்கிறது. இங்கே அது பன்னிரண்டு மாதமும் தூறலாகப் பிரிந்து விழுவதாலும், வெயில் குறைவாக இருப்பதாலும் இத்தனை காலம் தெரியாமல் போயிற்று. இப்போது தெரிகிறது. 2022 ஜூலை, இங்கிலாந்தில் 1935-க்குப் பிறகு வந்த மிக வறண்ட ஜூலை. அந்த மாதம் 19-ஆம் தேதி லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பியில் வெயில் 40.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2025-இல் வசந்தகாலமே நூறாண்டுக்கு மேலாகக் காணாத அளவுக்கு வறண்டு, அதன் பின்னால் பதிவிலேயே அதிக வெப்பமான கோடையும் வந்தது.

இப்படிப்பட்ட கோடையில் அலாட்மென்ட்டைச் சுற்றி வந்தால் ஒன்று கண்ணில் படும். தண்ணீர் ஊற்றாத ஆளே இல்லை, ஆனாலும் பாதிப் பாத்திகள் வாடிக் கிடக்கின்றன. ஊற்றுகிற தண்ணீர் வேருக்குப் போய்ச் சேரவில்லை. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் சுற்றி வளைத்து அந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

தினமும் கொஞ்சம் தெளிப்பது

வேலை முடிந்து சாயங்காலம் வந்து, பூவாளியால் பாத்தி முழுக்கத் தெளித்து, மண் கறுத்து நனைந்ததும் திருப்தியோடு வீட்டுக்குப் போவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மறுநாள் காலையில் அதே இடத்தில் சின்னக் கைக்கரண்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். மேலே விரல்நகம் அளவுக்கு ஈரப் பொருக்கு. அதற்குக் கீழே வெளிறிப்போன மண், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். வெள்ளையான மெல்லிய வேர்கள் கீழே இறங்காமல் அந்தப் பொருக்கை ஒட்டியே பின்னிக் கிடக்கும். மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயேதான் தங்கும். மூன்று நாள் நீங்கள் வர முடியாமல் போனால் முதலில் காய்வது அந்த வேர்தான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். பத்து லிட்டர் பூவாளியை மூன்று சதுர மீட்டருக்குத் தெளித்தால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். ஜூலை வெயிலில் ஒரு நல்ல பகலில் மண்ணும் செடியுமாகச் சேர்ந்து நான்கைந்து மில்லிமீட்டரை ஆவியாக விட்டுவிடும். ஆக, நேற்றுத் தெளித்தது இன்று மாலைக்குள் போய்விட்டது.

அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒருமுறை, அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, சதுர மீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் வரை செடியின் அடியில் ஊற்றுங்கள். தெளிக்கும் மூடியைக் கழற்றிவிட்டு, இலையை விட்டுவிட்டு, அடிமண்ணில் மெதுவாக. செடியைச் சுற்றிச் சின்னக் குழிவாக வரம்பு கட்டினால் தண்ணீர் ஓடிப் போகாது. காலையில் ஊற்றுவது நல்லது. மாலையில் ஊற்றினாலும் தண்ணீர் வீணாகாது, ஆனால் இரவெல்லாம் ஈரமாகக் கிடக்கும் மண்ணில் நத்தைகளுக்கு விருந்துதான்.

லண்டன் களிமண்ணுக்கு இன்னொரு வார்த்தை. இது வறண்டால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பின் மேல் ஊற்றினால் தண்ணீர் சரசரவென்று இறங்கி, வேர் இல்லாத ஆழத்துக்கு ஓடிவிடும். பாத்தி நனைந்ததாகவே தெரியாது. முதலில் களைக்கொத்தால் மேல்மண்ணை லேசாகக் கிளறி வெடிப்பை மூடுங்கள். ஆழமாகக் கொத்த வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே வந்து காய்ந்துவிடும். பிறகு கொஞ்சம் ஊற்றி, கால்மணி நேரம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். முதல் ஊற்று மண்ணை இளக்கும், இரண்டாவது ஊற்றுதான் உள்ளே இறங்கும். காய்ந்த கம்போஸ்ட் நிரப்பிய தொட்டிகளுக்கும் இதே முறைதான், அவை தண்ணீரை ஏற்காமல் ஓரத்தில் வழியவிட்டுவிடும். தொட்டியும் பையும் மட்டும் தினமும் பார்க்க வேண்டியவை.

மதியம் பூசணி, கோர்ஜெட் இலைகள் தொங்குவதைக் கண்டதும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாத வேலை. அகன்ற இலைகள் உச்சிவெயிலில் மண்ணில் ஈரம் இருக்கும்போதே தொங்கும். மாலை ஏழு மணிக்கு நிமிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். காலையிலும் தொங்கினால்தான் அது தாகம்.

எல்லாப் பாத்திக்கும் சமமாக ஊற்றுவது

அலாட்மென்ட்டின் பழைய முழு அளவு 10 ராட், அதாவது ஏறக்குறைய 250 சதுர மீட்டர். இப்போது பலருக்குக் கிடைப்பது பாதி. அந்தப் பாதிக்கே மேலே சொன்ன கணக்கில் ஊற்ற வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 2,500 லிட்டர் வேண்டும். பூவாளிக் கணக்கில் 250 நடை. யாராலும் முடியாது, முடிந்தாலும் கூடாது. அதனால் யாருக்கு எப்போது என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். மனம் வராமல் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு எதுவும் உருப்படியாகக் கிடைப்பதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான காய்கறிகளுக்குத் தண்ணீர் கட்டாயம் தேவைப்படும் பருவம் ஒன்றோ இரண்டோதான். வாரிக்‌ஷயரில் வெல்ஸ்போர்னில் இருந்த தேசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பயிர் பயிராக ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டாணி, பீன்ஸ், அவரைக்குப் பூக்கும்வரை பெரிதாகத் தண்ணீர் தேவையில்லை. அதற்கு முன்னால் ஊற்றினால் இலையாகத் தழைக்குமே தவிரக் காய் கூடாது. பூ வந்ததும், பிஞ்சு பிடித்ததும் தாராளமாக ஊற்றுங்கள். ரன்னர் பீன்ஸ் பூவெல்லாம் கொட்டுகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் அநேகமாக வேரைக் காயவிட்டிருப்பார்கள். பூமேல் தண்ணீர் தெளித்தால் பிடிக்கும் என்று பக்கத்துப் பாத்திக்காரர் சொல்லுவார், அதைவிட அடியில் ஊற்றுவதுதான் பலன் தரும். உருளைக்கிழங்குக்குக் கிழங்கு கோலிகுண்டு அளவு வரும்போது ஊற்றவேண்டும். அந்த நேரத்தில் மண் காய்ந்திருந்தால் தோலெல்லாம் சொறி பிடித்துவிடும். மக்காச்சோளத்துக்குப் பூங்கதிர் வரும்போதும், கதிரில் மணி பிடிக்கும்போதும்.

தக்காளி கொஞ்சம் தனி. அதற்கு எவ்வளவு என்பதைவிட விட்டுவிட்டு ஊற்றாமல் இருப்பது முக்கியம். ஒரு வாரம் காயவிட்டு அப்புறம் குளிப்பாட்டினால் காயின் அடிப்பக்கம் தோல்போலக் கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணீர் ஓட்டம் நின்றுபோனால் அது காய்க்குப் போய்ச் சேராது. இதைத் தெரியாமல் முட்டை ஓட்டை இடித்துப் போடுகிறவர்கள் உண்டு. நேரம்தான் வீண்.

வெங்காயம், பூண்டு முற்றிக்கொண்டு வரும்போது நிறுத்திவிடுங்கள், அப்போது ஊற்றினால் சேமித்து வைக்க முடியாது. கேரட், பீட்ரூட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். லீக்ஸ், பார்ஸ்னிப், வேர்பிடித்த ருபார்ப் எல்லாம் தாக்குப்பிடிக்கும், காப்பாற்ற ஓடவேண்டாம். முட்டைக்கோஸுக்கு அறுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரே ஒருமுறை நன்றாக ஊற்றினாலே உருண்டை திரண்டுவிடும். இலைக்கீரைகளுக்குத்தான் தொடர்ந்து வேண்டும், ஏனென்றால் நாம் சாப்பிடுவதே அந்த இலையை.

இதில் நம் வீட்டுப் பழக்கத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது. தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகள் வெயிலில் குறைந்த தண்ணீரில் வளர்வதற்கென்றே உடலமைப்புக் கொண்டவை. கீரை என்று ஸ்பினாச்சைப் போட்டு, ஜூனில் அது தண்டு நீட்டிப் பூத்ததும் மனம் நொந்துபோவதைவிட, மே கடைசியில் குளிர் விலகியதும் தண்டுக்கீரை விதையைத் தூவலாம். வறண்ட கோடையில் இங்கே அதற்கு ஈடு கிடையாது.

நெருக்கமாக நடுவதும் இந்தத் தவறோடு சேர்ந்ததுதான். இருக்கும் ஈரத்தைப் பத்துச் செடி பங்கு போடுவதைவிட ஆறு செடி பங்கு போட்டால் காய் கிடைக்கும். களையும் அப்படியே. வறட்சியில் களை எடுக்காமல் தண்ணீர் ஊற்றுவது விழலுக்கு இறைத்த நீர்தான், சொல்லளவில் இல்லாமல் கண்ணெதிரே. காய்ந்த நாளின் காலையில் களைக்கொத்தால் மேலோட்டமாகச் சீவிப் போட்டால் மதியத்துக்குள் கருகிவிடும்.

காய்ந்த மண்மேல் மூடாக்கு

மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் இருக்க மண்ணை வைக்கோல், புல் போன்றவற்றால் மூடுவது, நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். எப்போது போடுவது என்பதில்தான் தவறுகிறார்கள். வறட்சி வந்து மண் தூசியான பிறகு நான்கு அங்குலம் வைக்கோலைப் போட்டால், அது உள்ளே இருக்கும் வறட்சியைப் பூட்டி வைக்கும். அடுத்து வரும் சின்ன மழையும் வைக்கோலிலேயே நின்றுவிடும். மூடாக்கின் இடம் ஈரமண்ணின் மேல்தான். ஏப்ரலில் மண் நனைந்திருக்கும்போது போடுங்கள். தவறவிட்டால், முதலில் ஆழமாக ஊற்றிவிட்டு உடனே மூடுங்கள். புல்வெட்டியதைப் போடுவதானால் மெல்லியதாக, காயக் காயப் போடவும். கனமாகக் கொட்டினால் சூடேறிக் கொழகொழவென்று அழுகும். குதிரைச் சாணம் வாங்கும்போது அந்த வைக்கோலுக்கும் புல்லுக்கும் என்ன களைக்கொல்லி அடித்தார்கள் என்று கேளுங்கள். அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி கலந்த சாணத்தால் 2008-இல் இங்கே பல அலாட்மென்ட்டுகளில் தக்காளியும் பீன்ஸும் உருக்குலைந்து போயின.

தூசியில் விதைப்பது

காய்ந்த மண்ணில் கோடு கிழித்து, விதையைப் போட்டு, மூடி, மேலே தண்ணீர் ஊற்றினால் மேல்மண் அப்பளம்போல் இறுகும். முளை அதை உடைத்து வராது. வரிசையை மாற்றினால் போதும்: கோட்டைக் கிழித்து, கோட்டுக்குள் தண்ணீரை நிரப்பி, அது இறங்கியதும் விதைத்து, காய்ந்த மண்ணால் மூடுங்கள். மேலே ஊற்றவே வேண்டாம். விதைக்குக் கீழே ஈரம், மேலே காய்ந்த போர்வை. லெட்டூஸ் விதை மண் 25 டிகிரிக்கு மேல் சூடானால் தூங்கிவிடும், அதை மாலையில் நிழலான இடத்தில் போடுங்கள். கொத்தமல்லியும் வெந்தயமும் பீன்ஸ் பந்தலின் நிழலில் ஒரு வாரமாவது கூடுதலாக இலை தரும்.

வாடிய செடியைத் தேற்ற உரம் போடாதீர்கள். காய்ந்த மண்ணில் உரம் வேரைச் சுடும்.

தடை வந்தபிறகு பீப்பாய் தேடுவது

தண்ணீர் நிறுவனம் ஹோஸ்பைப் தடை போட்டால் அலாட்மென்ட்டும் அதில் அடங்கும், வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். மீறினால் 1,000 பவுண்ட் வரை அபராதம். குழாயிலிருந்து பூவாளியிலோ வாளியிலோ பிடித்து ஊற்றலாம். நேரக்கருவியும் அழுத்தம் குறைக்கும் வால்வும் உள்ள சொட்டுநீர்க் குழாயைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, உங்கள் நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு மாட்டுங்கள். பல இடங்களில் அலாட்மென்ட்டின் சொந்த விதியே எல்லாக் காலத்திலும் ஹோஸைத் தடுக்கிறது.

மழைநீர்ப் பீப்பாயைப் பற்றியும் சரியான கணக்கு வேண்டும். எட்டடிக்கு ஆறடி ஷெட் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது அதிகபட்சம் 45 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப ஒரு மாத மழை தேவை. ஜூலையில் வாங்கி மாட்டினால் அது காலியாகவே நிற்கும். அக்டோபரில் மாட்டி, இரண்டு மூன்றைக் குழாயால் இணைத்து, குளிர்காலம் முழுக்க நிரம்பவிட வேண்டும். மூடி இல்லாவிட்டால் கொசு.

வீட்டில் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தாராளமாகக் கொண்டுவரலாம். குளித்த தண்ணீரையும் மண்ணில் ஊற்றலாம், ஆனால் அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு அது வேண்டாம். பிளீச் கலந்த தண்ணீரும் எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் எதற்குமே வேண்டாம்.

முதல் மழையை நம்பிவிடுவது

வறட்சிக்கு நடுவே ஒரு இடிமழை பத்து நிமிடம் கொட்டியதும் பூவாளியைத் தூக்கி ஷெட்டில் வைத்துவிடுவார்கள். மழை நின்றதும் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விரற்கடைதான் நனைந்திருக்கும், அதுவும் பீன்ஸ், பூசணி இலைகளுக்கு அடியில் சொட்டுக்கூட விழுந்திருக்காது. ஈரமாகியிருக்கும் அந்த மேல்மண் இன்னும் தண்ணீரை நன்றாக ஏற்கும், ஆகவே மழை பெய்த அன்றே மேற்கொண்டு ஊற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம். பெருமழை வரும் என்று வானிலை சொன்னால், பழுக்கத் தொடங்கிய தக்காளியை முன்கூட்டியே பறித்து வீட்டு ஜன்னலோரம் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே இரவில் வெடித்துவிடும். அப்புறம் காலியான பாத்திகளில், ஆகஸ்ட் முடிவதற்குள், முள்ளங்கியும் வெந்தயமும் ஸ்பினாச்சும் விதைத்துவிடலாம்.