ராணுவ லாரி தீயணைப்பு வண்டியாகும் கதை: முதலில் தண்ணீரை எடை போடுங்கள்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பல தீயணைப்பு நிலையங்களை ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். புது வண்டி வாங்கும் வசதி இருக்காது. ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றைப் பெற்று, மேலே டேங்கும் பம்பும் ஏற்றிக் காட்டுத்தீக்கு ஓட்டுவார்கள். அந்த வேலையை முதன்முறை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு எம்35. மூன்று அச்சுகளும் இழுக்கும் பழைய இரண்டரை டன் லாரி.

படி 1: வண்டி யார் பெயரில்?

ஸ்பேனரை எடுக்கும் முன் காகிதத்தைப் படியுங்கள். வழி இரண்டு. ஒன்றில் லாரி கடைசிவரை மத்திய அரசின் சொத்து. மத்திய அரசின் வனச் சேவை அதை மாநிலத்துக்கு இரவல் தர, மாநிலம் உங்களிடம் தருகிறது. விற்பதோ உடைப்பதோ உங்கள் கையில் இல்லை. இன்னொன்றில், நிபந்தனைகளை நிறைவேற்றினால் உரிமை உங்களுக்கு மாறலாம். ராணுவ வண்டிகளுக்குப் புகை விதிகளில் விலக்கு உண்டு. அவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தருவது பற்றிய சிக்கலில் 2014-ல் இந்த விநியோகமே சில காலம் நின்றுபோய், பிறகுதான் தொடர்ந்தது. உங்கள் மாநில வனத்துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியே நிலையத்தின் வாசல் உயரத்தையும் அளந்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், ராணுவ லாரிகள் உயரமானவை.

படி 2: கணக்கு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எம்35 மேடுபள்ளத்தில் சுமக்கக்கூடியது 5,000 பவுண்டு. நல்ல சாலையில் 10,000. இரண்டாவது எண்ணைப் பார்த்து மயங்குபவர்கள் நிறைய. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, எனவே 1,000 கேலன் ஏற்றினாலும் 8,340 தானே என்று தோன்றும். ஆனால் உங்கள் வண்டி போகப்போவது காட்டுக்குள்.

5,000-ஐ வைத்துப் போடுங்கள். 500 கேலன் தண்ணீர் 4,170 பவுண்டு. மீதி 830. அதற்குள் இரும்பு டேங்க், பம்ப், ஹோஸ், கருவிப் பெட்டிகள், பின்னால் பொருத்தும் தளம் எல்லாம் அடங்குமா? அடங்காது. 400 கேலன் என்றால் 3,336, மீதி 1,664. இப்போது மூச்சு விடலாம். பழைய சரக்குப் பாடியைக் கழற்றிவிட்டால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

இன்னொன்று. ராணுவத்தில் லாரி சரக்கை ஏற்றும், இறக்கும், வெறுமனே நிற்கும். தீயணைப்பு வண்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. ஆண்டு முழுவதும் முழுச் சுமையோடு நிற்கும் ஸ்பிரிங்கையும் டயரையும் எல்லை வரை வேலை வாங்காதீர்கள்.

படி 3: டேங்கை உட்கார வைப்பது

பாடியின் மேல் டேங்கை வைத்தால் எடை உயரே போய்விடும். திருப்பத்தில் கவிழ்வதற்கு அதுவே போதும். பாடியைக் கழற்றி, சேஸிக்கு (வண்டியின் அடிச்சட்டம்) எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். ஆனால் சேஸியோடு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேஸி முறுக்கிக்கொள்ளும், டேங்க் முறுக்காது. கடைசியில் வெல்டிங்தான் விட்டுப்போகும். ஒரு முனையை இறுக்கமாகவும் மறுமுனையை ஸ்பிரிங் வைத்தும் பொருத்துவது வழக்கம். சேஸியின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள்.

டேங்குக்குள் குறுக்கும் நெடுக்கும் தடுப்புத் தகடுகள் கட்டாயம். பாதி காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. பிரேக் போட்ட பிறகும் தண்ணீர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். மிச்சிகனில் ராஸ்காமன் என்ற ஊரில் உள்ள கருவி மையம் இப்படிப்பட்ட மாற்றங்களுக்கென்றே வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. நீங்களே புதிதாகக் கண்டுபிடிப்பதற்கு முன் அவற்றைப் பாருங்கள்.

படி 4: பம்ப்

தனி இஞ்சின் உள்ள பம்ப்பே ஆரம்பநிலைக்கு நல்லது. வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டே தண்ணீர் அடிக்கலாம். புல்வெளித் தீக்கு அதுதான் வேண்டும். பம்ப்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சிறு குழாய் ஒன்றை மறக்காதீர்கள். ஹோஸ் முனையை மூடி வைத்திருக்கும் நேரத்தில் பம்ப் சூடேறாமல் காப்பது அதுதான்.

படி 5: மின்சாரம்

ராணுவ லாரி 24 வோல்ட். சைரன், சுழல்விளக்கு, வயர்லெஸ் பெரும்பாலும் 12 வோல்ட். இரண்டு பேட்டரிகள் தொடராக இருப்பதால், ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்தால் 12 கிடைக்கும். கிடைக்கும், ஆனால் ஒரு பேட்டரி சார்ஜ் தீர்ந்தும் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகியும் இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். எதிரிக்குத் தெரியாமல் ஓட்ட வைத்திருக்கும் மங்கல் விளக்கு ஸ்விட்சையும் முடக்கிவிடுங்கள். அவசரத்தில் யாராவது தவறான நிலையில் விட்டால் இருட்டில் உங்கள் வண்டி யாருக்கும் தெரியாது.

படி 6: பிரேக்கும் கேபினும்

எம்35-இன் ஏ2 வகையில் காற்று உதவியோடு வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக், அதுவும் ஒரே சுற்று. ஒரு குழாய் கிழிந்தால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பணம் இருந்தால் முதலில் இதை இரட்டைச் சுற்றாக மாற்றுங்கள், பெயிண்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேன்வாஸ் கூரைக்குப் பதில் இரும்புக் கூரை, ஒவ்வோர் இருக்கைக்கும் சீட் பெல்ட். ஓடும் வண்டியில் பின்தளத்தில் யாரும் நிற்கக் கூடாது.

ராணுவப் பச்சையை மாற்றுவது விருப்பம் அல்ல, நிபந்தனை. சிவப்போ மஞ்சளோ உங்கள் இஷ்டம்.

படி 7: எடை மேடை

டேங்கை நிரப்பி, ஹோஸ்களை ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து எடை மேடைக்குப் போங்கள். மொத்த எடை மட்டும் போதாது. முன் அச்சையும் பின் அச்சுகளையும் தனித்தனியே எடுத்து, வண்டியின் தகவல் தகட்டோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் தண்ணீரைக் குறைத்து ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன பாதி டேங்க் ஆபத்து அப்போது நிரந்தரமாகிவிடும். சிறிய டேங்காக மாற்றுங்கள். பிறகு, ஓட்டப்போகும் ஒவ்வொருவரும் காலி டேங்கோடு ஒரு முறை, நிறைந்த டேங்கோடு ஒரு முறை, பாதி டேங்கோடு ஒரு முறை திறந்த மைதானத்தில் பிரேக் போட்டுப் பார்க்கட்டும்.