டிஸ்க் நிரம்பினால் முதலில் அழிக்கத் தொடங்காதீர்கள்

வெள்ளவத்தையில் எங்களிடம் வேலை பழக வரும் தம்பிமார் லினக்ஸ் சேர்வரில் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) 100% என்று கண்டதும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: கண்ணில் பட்டதை அழிப்பது. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளையை அடிக்க முன் பாதையைச் சரிபார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

ஓடிக்கொண்டிருக்கும் லொக்கை ஆர்எம் செய்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். லொக்குகள், அதாவது புரோகிராம்கள் எழுதும் பதிவுக் கோப்புகள், இருக்கும் வார் லொக் ஃபோல்டரில் பெரிய கோப்பு ஒன்றைத் தேடிப்பிடித்து அழிப்பார்கள், எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் போட்டால் அதே 100%. போதாதாக்கும் என்று அடுத்ததை அழிப்பார்கள், பிறகு அதற்கடுத்ததை.

ஆர்எம் அழிப்பது கோப்பின் பெயரை மட்டும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீட்டிலிருப்பவர் வெளியேறிவிடுவாரா? ஏதாவது ஒரு புரொசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும் இடம் திரும்பி வராது. டியூ கட்டளை கோப்புகளின் அளவைப் பெயர்களைப் பின்தொடர்ந்து கூட்டுவதால் அதற்கு இது தெரியாது, டிஎஃப் பைல் சிஸ்டத்தையே கேட்பதால் அதற்குத் தெரியும். இரண்டும் பெரிதாக முரண்பட்டால் எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 போடுங்கள், பிடித்து வைத்திருக்கும் புரொசஸ் எதுவென்று தெரிந்துவிடும், அந்த சேர்விஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அழிக்கும் முன்னரே யோசித்தால் இன்னும் நல்லது: ட்ரங்கேட் மைனஸ் எஸ் 0 கொடுத்துக் கோப்பை வெறுமையாக்குங்கள்.

கொழும்பில் ஒரு கொம்பனியில் இந்தக் குழப்பத்திலேயே ஒரு தம்பி மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ஃபோல்டர் வரைக்கும் போய், ஐபி லொக்ஃபைல் 0 என்ற கோப்பை, பெயரில் லொக் இருக்கிறதே என்று அழித்துவிட்டார். அது டேட்டாபேஸ் விழுந்தெழும்பும்போது தன்னைச் சரிசெய்துகொள்ள வைத்திருக்கும் பதிவு. திறந்திருந்ததால் உடனே ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வலுக்கட்டாயமாக ரீபூட் செய்தபோது டேட்டாபேஸ் எழும்பவில்லை, விடிய விடிய பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். முதல் லொக்கோடு நிறுத்தி எல்எஸ்ஓஎஃப் பார்த்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

ஐநோடை மறப்பது

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோட், அதாவது கோப்பின் விவரப் பதிவு, வேண்டும். இடம் இருந்தும் "இடமில்லை" என்றால் அவை தீர்ந்துவிட்டனவா என்று டிஎஃப் மைனஸ் ஐ போட்டுப் பாருங்கள்.

பழைய கேர்னல்களைக் கையால் அழிப்பது

வேண்டாம். கேர்னல் என்பது சிஸ்டத்தின் மையப் புரோகிராம். உபுண்டு, டெபியனில் தேவையில்லாத பழையவற்றை எடுக்க ஆப்ட் ஆட்டோரிமூவ் இருக்கிறது.

ஒதுக்கிய 5 சதவீதத்தில் கை வைப்பது

இஎக்ஸ்டி4 என்ற பைல் சிஸ்டம் வழக்கமாக 5% இடத்தை ரூட் பயனருக்கு, அதாவது நிர்வாகிக்கு, ஒதுக்கி வைக்கும். மற்றவர்களுக்கு நிரம்பிய பிறகும் நீங்கள் உள்ளே நுழைந்து திருத்த முடிவது அதனால்தான். டேட்டா மட்டும் இருக்கும் தனி டிஸ்கில் வேண்டுமானால் டியூன்2எஃப்எஸ் மூலம் குறைக்கலாம், சிஸ்டம் பார்ட்டிஷனில் தொடவே வேண்டாம்.